தொண்ணூறு சதவீத வெள்ளி

அந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அடியில் ஒரு மச்சம் இருக்கும். சுண்டுவிரல் நகத்தின் அகலம், சுற்றிலும் கறுப்பு வளையம், நடுவில் வெளுத்துப்போன சின்னக் குழி. கரண்டிக்கு உண்டு, வாணலிக்கு உண்டு, தண்ணீர்க் குவளைக்கு உண்டு, அலமாரிப் பூட்டுக்கும் உண்டு. மகளுடைய சாப்பாட்டு டப்பாவிலும் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் தோழிகள் அது என்னவென்று கேட்டபோது, டப்பாவுக்குத் தடுப்பூசி போட்ட தழும்பு என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேர் நம்பினார்கள்.

மச்சம் வைத்தவர் அவளுடைய அப்பா. பம்பு செய்கிற ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். உலையில் இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது உலைக்காரர் நீளக் கரண்டியால் கொஞ்சம் மொண்டு, அச்சில் ஊற்றி, காசு மாதிரி ஒரு வில்லை செய்து, இடுக்கியில் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். இவர் அதைச் சாணையில் தேய்த்து முகத்தை வழவழப்பாக்கி, மெஷினின் வாயில் கவிழ்த்து வைத்து அழுத்துவார். உள்ளே ஆர்கான் வாயு சீறும். படபடவென்று ஒரு பொறி வெடிக்கும். அந்தப் பொறியின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, அந்த இரும்புக்குள் என்னென்ன தனிமம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று மெஷின் திரையில் எழுதிக் காட்டும். வில்லையில் பொறி விழுந்த இடத்தில் ஒரு மச்சம் மிஞ்சும்.

உடனே தொலைபேசியை எடுப்பார். "கார்பன் மூணு புள்ளி நாலு ரெண்டு. சிலிக்கான் ரெண்டு புள்ளி ஒண்ணு எட்டு. மாங்கனீஸ் பூஜ்யம் புள்ளி ஆறு ஒண்ணு." ரயில் வரும் நேரத்தை அறிவிப்பவர் போல ஏற்ற இறக்கமே இல்லாத குரல். மறுமுனையில் உலைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு, எதைக் கூட்டுவது எதைக் குறைப்பது என்று முடிவு செய்வார். தொழிற்சாலையில் அவருக்கு 'பர்சன்ட் சார்' என்று பெயர். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு யாராவது வாசலுக்கு வந்தால், காவலாளி அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த மெஷின் கைக்கு வந்த நாளிலிருந்து அவரால் உலகத்தில் எதையும் சும்மா பார்க்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி தண்ணீர் கொடுத்தபோது, குடித்து முடித்துக் குவளையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். தண்ணீரில் ஏதோ குறை என்று நினைத்து அவள் பயந்துவிட்டாள். மறுநாள் குவளை அவருடைய பைக்குள் போயிற்று. சாயங்காலம் மச்சத்தோடு திரும்பி வந்தது. "குரோமியம் பதினேழு புள்ளி ஒம்போது நாலு, நிக்கல் எட்டு புள்ளி பூஜ்யம் ஏழு. நல்ல குவளைதான், நம்பிக் குடிக்கலாம்" என்றார். அவள் அதுவரை நம்பித்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இருந்த ஒவ்வொன்றாக அந்தப் பைக்குள் ஏறி இறங்கின. ஷிப்டு முடிந்து மெஷின் சும்மா இருக்கிற கால் மணி நேரத்தில் அவற்றுக்கெல்லாம் பரீட்சை நடக்கும். ஒருமுறை குளியலறைத் தாழ்ப்பாளையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க அந்த வீட்டில் குளிக்கப் போனவர்கள் எல்லாம், உள்ளே ஆள் இருப்பது தெரிய, பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியதாயிற்று. தாழ்ப்பாளில் துத்தநாகம் கூடுதல் என்று சாயங்காலம் தெரிந்தது. மனைவியின் பாட்டில் சுருதி குறைவு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டையும் சாப்பிடும்போது சொன்னார். ஒன்றைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பொருள்களோடு நிற்கவில்லை, ஆட்களையும் அவர் அப்படியேதான் பிரித்துவைத்திருந்தார். மனைவியின் அக்கா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊரில் யார் பேசினாலும் பிழை திருத்துகிறவர். அவரைக் கந்தகம் என்பார். துளி இருந்தாலும் வாடை காட்டிவிடும், ஆனால் அடியோடு இல்லாமல் போனாலும் வார்ப்பு சரியாக வராது. தலைமையாசிரியையின் கணவர், அதாவது இவருடைய சகலை, ஆர்கான். எதோடும் சேராது, எதையும் கெடுக்காது, இருக்கிற இடமே தெரியாது. ஒருநாள் மனைவி ஆசையாக, "அப்ப நான் என்ன?" என்று கேட்டாள். யோசிக்காமல் இரும்பு என்றார். அவளுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிதான். அதோடு விட்டிருக்கலாம். "இரும்பை மட்டும் மெஷின் அளக்கிறதே இல்ல. மத்ததை எல்லாம் அளந்துட்டு, மிச்சம் எவ்வளவோ அது இரும்புன்னு எழுதிக்குவோம்" என்று விளக்கமும் சொன்னார். அந்த 'மிச்சம்' மூன்று நாள் அவரோடு பேசவில்லை. தொழிற்சாலையில் வெளியே போகிற ஒவ்வொரு பம்பிலும் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு அந்த மிச்சம்தான் என்பதை அவர் நாலாவது நாள்தான் சொல்லி முடித்தார்.

அவர் விஷயத்தில் யாரும் விளையாட்டாகப் பேசாத ஒன்று உண்டு. மெஷின் காட்டிய எண்ணை அவர் மாற்றிச் சொல்ல மாட்டார். ஒருமுறை பெரிய சரக்கு ஒன்று லாரியில் ஏறக் காத்திருந்தது. பாஸ்பரஸ் பூஜ்யம் புள்ளி ஒன்று இரண்டு என்று வந்துவிட்டது. அனுமதி பூஜ்யம் புள்ளி ஒன்று வரைக்கும்தான். மேலாளர் தானே கூடத்துக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசியில் நிற்கிற அந்த இரண்டைக் கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா என்று அன்பாகக் கேட்டார். இவர் பார்த்தார். திரும்பவும் மூன்று தடவை பொறி வைத்துப் பார்த்தார். இரண்டு இரண்டாகவே இருந்தது. அதன் பலனாக ஐந்து மாதம் மணல் பிரிவில் சல்லடை பிடித்தார். வீட்டில் வருத்தப்பட்டார்கள். "மணலும் ஒண்ணும் மோசமில்ல, சிலிக்கான் நாப்பத்தாறு புள்ளி ஏழு, மிச்சம் ஆக்சிஜன்" என்று ஆறுதல் சொன்னார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவர் எல்லாரும் கேட்டபடி எண் எழுதிக் கொடுத்ததில், எந்த எண்ணையும் யாரும் நம்பாத நிலை வந்து, மேலாளரே மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு "பர்சன்ட் சார் சொல்லிட்டாரா?" என்று கேட்பார்கள், ஆமாம் என்றால் பேச்சு முடிந்தது. வீட்டிலும் சொந்தத்திலும் அதே கதைதான்.

அந்த வீட்டில் மச்சம் இல்லாத பாத்திரம் ஒன்றே ஒன்று இருந்தது. மனைவியின் அம்மா கொடுத்த வெள்ளிக் கிண்ணம்.

அந்த அம்மா கடைசி இரண்டு வருஷம் இவர்கள் வீட்டுப் பின் அறையில்தான் படுக்கையில் இருந்தார். குளிப்பாட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது, பாலும் கஞ்சியும் ஊட்டியது எல்லாம் இளைய மகளான இவள். மூத்தவர் மாதம் ஒருமுறை பழத்தோடு வந்து, தலையணையின் உயரம் சரியில்லை என்று திருத்திவிட்டுப் போவார். இறந்துபோவதற்குச் சில நாள் முன்பு அந்த அம்மா இரண்டு பெண்களையும் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வளையலும் வெள்ளித் தட்டும் மூத்தவளுக்கு. கிண்ணத்தை மட்டும் தன் கையாலேயே எடுத்து இளையவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, "இது உனக்கு. வெள்ளி. பத்திரமா வெச்சுக்கோ" என்றார். அதற்கப்புறம் கஞ்சி ஊட்டியதும் அந்தக் கிண்ணத்தில்தான்.

அதில் கை வைத்தால் தான் பிறந்த வீட்டுக்கே போய்விடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். பிறந்த வீடு என்று ஒன்று அப்போது இல்லை. ஆனாலும் மிரட்டல் வேலை செய்தது. அவர் தொடவில்லை. தொடாமலே அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. கையில் எடுத்தால் கனம் போதாது. தரையில் வைத்தால் எழும் சத்தம் கொஞ்சம் கட்டை. எல்லாவற்றையும் விட, மனைவி எந்தக் குணத்தைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாளோ, அதுதான் அவரை உறுத்தியது. "எங்கம்மா குடுத்த வெள்ளி, இத்தனை வருஷமாச்சு, ஒரு நாள் கறுத்ததில்ல" என்பாள். காற்றில் இருக்கிற துளிக் கந்தகம் பட்டாலே வெள்ளி கறுக்கும். கறுக்காமல் இருக்க வெள்ளிக்குத் தெரியாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சோதிக்காத எண்ணைச் சொல்லக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவருக்கு அந்த மூன்று நாள் மௌனம் ஞாபகம் இருந்தது.

அம்மா போய் நாலு வருஷம் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியையும் ஆர்கானும் சாப்பிட வந்தார்கள். வந்தவர் தன் வெள்ளித் தட்டையும் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அட்டைக் கறுப்பு. எதைப் போட்டுத் துலக்கினால் போகும் என்று தம்பியைக் கேட்கலாமே என்று கொண்டுவந்தாராம். தங்கையின் கணவரை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மனைவிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தன் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அது பளபளவென்று நின்றது. வைத்துக்கொள்கிற கை அப்படி என்று ஒரு வார்த்தையும் சேர்த்தாள். அந்த வார்த்தைக்குள் இரண்டு வருஷக் கஞ்சியும், மாதம் ஒரு பழமும், தலையணை உயரமும் எல்லாம் இருந்தன.

தலைமையாசிரியை கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். கட்டுரை நோட்டில் பிழை கிடைத்துவிட்ட முகம்.

"ஏண்டி, கறுக்காத வெள்ளி எங்கேயாவது உண்டா? இது வெள்ளியே இல்ல."

சகலை இன்னொரு வாய் எடுத்து வைத்தார். இவர் தட்டையே பார்த்துக்கொண்டு, துலக்குகிற விஷயத்துக்குப் பேச்சைத் திருப்ப முயன்றார். அலுமினியப் பாத்திரத்தில் சோடா உப்பும் வெந்நீரும் விட்டுத் தட்டை உள்ளே முக்கினால் கறுப்பு போகும் என்று நீளமாக ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. மனைவி முகம் சிவந்து நின்றாள். அம்மா வாயால் வெள்ளி என்று சொல்லிக் கொடுத்தது. அது வெள்ளி இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. அதுதான் அவளுடைய கேள்வி என்று கணவருக்குத் தெரிந்தது.

அவள் கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "கொண்டு போங்க. உங்க மெஷின்ல வைங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா வரட்டும். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அவர் பயந்துபோனார். இதற்கெல்லாம் ஆர்கான் வாயுவை வீணாக்கக் கூடாது என்று முனகினார். சகலை ஏனோ நிமிர்ந்து பார்த்தார்.

"தாழ்ப்பாளுக்கு வீணாகாத வாயு என் கிண்ணத்துக்கு வீணாயிடுமா?"

தம்பி சொன்னால் தானும் ஒத்துக்கொள்வதாகவும், அவர் யாருக்காகவும் எண்ணை மாற்றமாட்டார் என்றும் தலைமையாசிரியை பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சுருக்கு இன்னும் கொஞ்சம் இறுகியது.

புதன்கிழமை வரை கிண்ணம் பையிலேயே போய்ப் பையிலேயே திரும்பியது. சோதிக்காமலே வெள்ளி என்று சொல்லிவிட்டால் என்ன என்று யோசித்தார். மச்சம் இல்லாமல் கிண்ணம் திரும்பினால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். மச்சத்தை மட்டும் வைத்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் இருந்தால்? அதையும் யோசித்தார். ஆனால் எரிகிற விளக்கை அணைக்காமல் தாண்டிப் போகச் சொன்னால் சிலரால் முடியாதே, அதுபோல அவரால் அது முடியாத காரியம்.

வியாழக்கிழமை ஷிப்டு முடிந்ததும் கிண்ணத்தின் அடியை மிக மெதுவாகத் தேய்த்தார். மெஷினின் வாயில் வைத்தார். வாயு சீறியது. பொறி வெடித்தது. செம்பு அறுபத்தொன்று புள்ளி எட்டு நாலு. துத்தநாகம் பத்தொன்பது புள்ளி ஐந்து இரண்டு. நிக்கல் பதினேழு புள்ளி ஒன்பது மூன்று. கடையில் ஜெர்மன் சில்வர் என்று விற்பார்களே, அதே ஜாதி. பெயரில் மட்டும் வெள்ளி. மூன்று தடவை பொறி வைத்தார். மச்சம் மூன்றாகியதுதான் மிச்சம்.

கடைசி வில்லையை முடித்துவிட்டு வந்த உலைக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்கு எண்கள் பழக்கம்; ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். கதையை முழுதும் கேட்டுவிட்டு, மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடச் சொன்னார். மெஷின் நன்றாக இருக்கிறது என்றார் இவர்.

"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் நீங்க நல்லா இருப்பீங்களான்னு பாருங்க."

அச்சிட்ட தாளைக் கிழித்துப் போடுவதற்காகக் குப்பைக்கூடை வரை இரண்டு முறை போனார். இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் அச்சிட்ட எண்ணைக் கிழிக்கக் கை வரவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் தலைமையாசிரியை நாற்காலியை நகர்த்தி நேராக உட்கார்ந்தார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றாள். சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றச் சுற்ற விரல் நுனி வெளுத்துக்கொண்டே போனது. அவர் அந்த விரலைத்தான் பார்த்தார்.

"வெள்ளி தொண்ணூறு. செம்பு பத்து," என்றார்.

அவ்வளவுதான். தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, தம்பி சொன்னால் சரிதான், தனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ என்று ஒத்துக்கொண்டு, தங்கையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். திருத்துவதற்கு ஒன்றும் இல்லாததால் சீக்கிரமே கிளம்பினார். சகலை மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது இவருடைய கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் வெளியிட்ட முதல் கருத்து அது.

மனைவி துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் நேரே சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். அவர் பின்னாலேயே போய்த் துண்டை எடுத்துக்கொண்டு, அவள் துலக்கிக் கொடுத்ததைத் துடைத்து அடுக்கினார். ஐந்தாவதாகக் கரண்டியைக் கொடுக்கும்போது கேட்டாள்.

"தொண்ணூறுக்கு அப்புறம் புள்ளி எங்க?"

அவருக்குக் கை நின்றுவிட்டது. தொண்ணூறு புள்ளி பூஜ்யம் என்று ஏதோ ஆரம்பித்தார்.

"உப்பு டப்பா மூடிக்கே புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண் சொன்ன மனுஷன் நீங்க. எங்கம்மா கிண்ணத்துக்கு மட்டும் தொண்ணூறும் பத்துமா? கடைக்காரன் சில்லறை குடுக்கிற மாதிரி."

ஈரக் கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்ய முடியும்? இருபத்தைந்து வருஷம் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள எண்களையே பரிமாறி வளர்த்த ஆள். அவளுக்குப் படிக்கத் தெரியாமலா போகும்? செம்பு, துத்தநாகம், நிக்கல் என்று விரல் வைத்துக்கொண்டே போனாள்.

"வெள்ளி எங்க?"

"கீழ பாரு."

கடைசி வரிக்கு முந்தின வரியில் இருந்தது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று.

"அப்ப இருக்கு," என்றாள்.

அது வெள்ளி என்று சொல்ல முடியாது, செம்பு எடுக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற துளி என்று விளக்க ஆரம்பித்தார்.

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

அவள் தாளை மடித்தாள். மடித்த தாளைத் திரும்பவும் பிரித்தாள். மூட மறந்த தண்ணீர்க் குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் எட்டி மூடினார். அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டாள். அது மெஷினில் வராது என்றார். வேறு யாரோ அம்மாவிடம் வெள்ளி என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம், அம்மாவும் நம்பியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ரயில் நிலையம் இல்லை.

"எங்கம்மா பொய் பேசற ஆளே இல்ல."

"ஆமா."

"நீங்களும்தான் பொய் பேசற ஆள் இல்ல. இன்னைக்கு எதுக்குப் பேசுனீங்க?"

அவர் கரண்டியைத் துடைத்தார். ஏற்கெனவே காய்ந்துபோன கரண்டி. அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிண்ணத்தைத் தானே எடுத்துக் கழுவி, தானே துடைத்து, அலமாரியில் பழைய இடத்தில் வைக்காமல் அடுப்புப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். அன்றிலிருந்து அவள் காலையில் பால் குடிப்பது அதில்தான்.

விஷயம் அங்கேயே முடிந்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அவள் நேராகக் கூடத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்து அக்காவின் எண்ணைச் சுற்றினாள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் கையை ஆட்டினார். அவள் பேசுகிற முனையைக் கையால் பொத்திக்கொண்டு, "என் கிண்ணத்துக்காக உங்க வார்த்தையைக் கெடுத்துக்க முடியாது. நாளைக்கு நீங்க சொல்றதை யாரு நம்புவா?" என்றாள். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"அக்கா, அது வெள்ளி இல்லையாம்க்கா. இவர் தப்பாப் படிச்சுட்டார். கண்ணு சரியாத் தெரியலை. கண்ணாடி போட்டுக்கணும்னு டாக்டர் எப்பவோ சொன்னார், இன்னும் வாங்கல."

அவர் துண்டோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பொய் சொன்னவர் என்று பேர் வாங்கியிருந்தால்கூட ஒருவிதமாகத் தாங்கியிருப்பார். தப்பாகப் படித்தவர் என்ற பேரை அவரால் விழுங்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் மருந்துச் சீட்டின் பொடி எழுத்தை வாசலிலிருந்தே படிக்கிற கண். "நான் ஒரு நாள்கூடத் தப்பாப் படிச்சதில்ல" என்று அடிக்குரலில் கத்தினார். மனைவி கண்ணாலேயே அடக்கினாள். தங்கள் இரண்டு பேரில் யாருடைய மானம் காப்பாற்றப்படுகிறது என்று அவருக்கே குழம்பிவிட்டது.

தொலைபேசிக்குள்ளிருந்து தலைமையாசிரியையின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. தான் அப்போதே சொன்னதாக இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்வதற்குள் குரல் கொஞ்சம் இறங்கியது. அம்மா தன் கையால் எடுத்து வைத்தது அந்த ஒன்றைத்தான், மற்றதை எல்லாம் பெட்டியில் கிடந்தபடியே எடுத்துக்கொள்ளச் சொன்னாள், அது தனக்கும் ஞாபகம் இருக்கிறது என்றார். அப்புறம் வழக்கமான குரலுக்குத் திரும்பி, தம்பி உடனே கண்ணைக் கவனிக்க வேண்டும், அடுத்த வாரம் வரும்போது கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்ப்பேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பார்ப்பேன் என்றால் பார்ப்பார். எனவே திங்கட்கிழமை சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. கடைக்காரர் அவரை உயர நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, எழுத்துப் பலகையைக் காட்டினார். இவர் கடைசி வரியைப் படித்து, அதற்குக் கீழே பலகையை அச்சடித்த அச்சகத்தின் முகவரியையும் படித்தார். மறு கண்ணிலும் அதே. கடைக்காரர் விளக்கைப் போட்டுவிட்டு, சார் எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்டார். கண்ணாடி வேண்டும் என்றார். பவர் ஒன்றும் தேவையில்லையே என்றார் கடைக்காரர். பவர் இல்லாமலே போடச் சொன்னார். வெயிலுக்கா, தூசிக்கா, எதற்கு என்று கடைக்காரர் விடாமல் கேட்டார்.

"குடும்பத்துக்கு," என்றார்.

அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் வரைக்கும், தலைமையாசிரியை வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்தக் கண்ணாடி அவருடைய மூக்கில் உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டின் நடுவே ஏதாவது எண் சொன்னால், "கண்ணாடி போட்டுத்தானே பாத்தீங்க தம்பி?" என்று அவர் கேட்பார். "ஆமா அண்ணி, போட்டுத்தான் பாத்தேன்" என்பார் இவர். சகலை சோற்றைப் பார்த்துச் சிரிப்பார். மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். தொழிற்சாலையில் அவர் கண்ணாடி போட்டதில்லை. ஓய்வு பெறுகிற நாள் வரை யாரும் அவருடைய எண்ணைத் திருப்பிக் கேட்டதுமில்லை.

அவர் போய்விட்டார். கண்ணாடி கூடத்து மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. மனைவிக்கு இப்போது உண்மையாகவே கண் மங்குகிறது. சட்டைப் பொத்தான் தைக்க உட்காருகிற சமயங்களில், தன் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக் கிடைக்காமல், இழுப்பறையைத் திறந்து அவருடையதை எடுத்துப் போட்டுக்கொள்வாள். ஊசியின் காது அதில் தெரியாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? ஆனாலும் நூலை நாலைந்து முறை எச்சில் தொட்டுக் கோத்துப் பார்ப்பாள். பிறகு கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து, வாங்கினதுதான் வாங்கினார், எனக்கு ஆகிற மாதிரி ஒன்றை வாங்கித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று, பக்கத்து அறையில் இருக்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்கிற மாதிரிச் சத்தமாகத் திட்டிவிட்டு, திரும்ப உள்ளே வைப்பாள்.